எலும்பைக் காக்கும் சிகிச்சை: யாருக்கு?

மாணவர்களே,

கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-இல் இந்த ஊரில் நடப்பட்ட கன்றுகளுள் எஞ்சியது அதுதான் என்பார்கள். உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழியே போகும்போதெல்லாம் எனக்கு என் பாட்டியின் நினைவு வரும். அவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். "கத்தி பட்டையோட நிக்கணும், மரத்தத் தொடக்கூடாது. ஆழமா வெட்டுனா மரத்துல புண்ணு வந்துடும். அப்புறம் அந்தப் பக்கம் சீவவே முடியாது" என்பார். நாளைக்கும் மரம் வேண்டும் என்பதால் இன்றைக்குச் சிக்கனமாகச் சீவ வேண்டும். அதுதான் அவர் கற்ற தொழில்.

சென்ற ஆண்டு இதே பேச்சு எங்கள் வீட்டில் வேறு விதமாக வந்தது. இந்த முறை பேசப்பட்டது மரத்தைப் பற்றியல்ல. என் தாய்மாமாவின் இடுப்பு எலும்பைப் பற்றி.

மாமாவின் கேள்வி

மாமாவுக்கு வயது 46. லாரி ஓட்டுகிறார். கிளட்சை மிதிக்கும்போது இடது இடுப்பில் தொடங்கிய வலி, இரண்டே ஆண்டுகளில் கோயிலில் சம்மணமிட்டு உட்கார முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. இடுப்பு மூட்டை முழுமையாக மாற்ற வேண்டியிருக்கும் என்று அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அந்த வாரமே உறவினர் ஒருவர் புலனத்தில் ஒரு காணொளி அனுப்பினார். எலும்பை வெட்டாமல் காக்கும் புதிய முறை சென்னையில் இருக்கிறது, மூட்டை முழுதாக மாற்றத் தேவையில்லை என்றது அது. கீழே ஓர் ஏஜண்டின் தொலைபேசி எண்.

மாமா அழைத்துக் கேட்டார். விமானச் சீட்டு, தங்கும் விடுதி, மொத்தச் செலவு என எல்லாவற்றுக்கும் ஏஜண்டிடம் பதில் இருந்தது. "என் எலும்புக்கு இது ஒத்துவருமா?" என்ற கேள்விக்கு மட்டும், "எல்லாருக்கும் ஒத்துவரும் அண்ணே" என்ற ஒரே பதில். எக்ஸ்ரே படத்தைக்கூட அவர் கேட்கவில்லை. மாமா என்னிடம் வந்தார். "நீ சைன்ஸ் டீச்சர்தானே, நீயே சொல்லு. சேமநிதிப் பணத்த எடுத்துப் போயிடவா?"

என்னிடம் உடனே பதில் இல்லை. நான் மருத்துவர் அல்லன். படித்தது ஆசிரியர் டிப்ளோமா. ஆனால் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதுதானே என் வேலை? அன்று தொடங்கித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு இந்த வயதில் இடுப்பு வலி இருக்காது. ஆனால் மருத்துவமனைக் கடிதத்தை வீட்டில் படித்து, தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்கிறவர் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மாற்றுவதா, உறையிடுவதா?

இடுப்பு மூட்டு ஒரு பந்துகிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். நாம் நடக்கும்போது இந்த மூட்டில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. 70 கிலோ மனிதருக்கு அது 175 கிலோ. ஒரு காலுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அடிகள் என்று கணக்கிடுவார்கள். 25 ஆண்டுக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். செயற்கை மூட்டு தாங்க வேண்டியது அத்தனையையும்.

முழு மூட்டு மாற்றுச் சிகிச்சையில், தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்பின் உட்குழாயைக் குடைந்து நீண்ட உலோகத் தண்டு ஒன்றை இறக்குகிறார்கள். அதன் முனையில் ஒரு செயற்கைப் பந்து இருக்கும். இடுப்புக் குழியில் புதிய கிண்ணம் பதிக்கப்படும்.

ரீசர்ஃபேசிங் எனப்படும் முறையில் தலையை வெட்டி எறிவதில்லை. அதன் மேற்பரப்பைச் செதுக்கி, ஓர் உலோக உறையை மாட்டுகிறார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்காமல் அதைச் செதுக்கி மேலே உறை போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் மெல்லிய உலோகக் கிண்ணம் பதிக்கப்படும்.

இதில் என்ன லாபம்? தொடை எலும்பின் தலையும் கழுத்தும் உட்குழாயும் மிஞ்சுகின்றன. நாற்பது வயதுக்காரருக்கு வைத்த மூட்டு அறுபதில் பழுதானால், அடுத்த அறுவைக்கு நல்ல எலும்பு இருக்கும். பந்து இயற்கை அளவிலேயே பெரிதாக இருப்பதால் கிண்ணத்தை விட்டு எளிதில் நழுவாது. தரையில் உட்காரும், குந்தி எழும் நம்மவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. பாட்டியின் பேச்சில் சொன்னால், பட்டையோடு நிற்கும் கத்தி இது.

ஆனால் இரண்டு வேறுபாடுகளை மறக்கக்கூடாது. சீவிய பட்டை மீண்டும் வளரும்; செதுக்கி எடுத்த எலும்புத் தலை வளராது. மேலும் எலும்பு மிஞ்சுவது தொடைப் பக்கத்தில்தான். கிண்ணப் பக்கத்தில் இரண்டு முறைகளிலும் எலும்பைக் கடைந்தே ஆக வேண்டும். "எலும்பை வெட்டாமல்" என்ற காணொளிப் பேச்சு பாதி உண்மைதான்.

புதிய முறையா?

'புதிய முறை' என்றதும் சரியல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்மித்-பீட்டர்சன் என்ற மருத்துவர் 1923-லேயே எலும்புத் தலையின்மேல் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். கண்ணாடி உடைந்தது. பின்னர் 1938-இல் கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவைக்கு மாறினார்.

1950-களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, டெஃப்லான் பிளாஸ்டிக்கில் இரண்டு மெல்லிய ஓடுகள் செய்து பந்துக்கும் கிண்ணத்துக்கும் போட்டார். ஆம், அதே சட்டி டெஃப்லான்தான். அதுவும் தோற்றது. பிறகுதான் எலும்புத் தலையை வெட்டிவிட்டுத் தண்டும் சிறிய பந்தும் வைக்கும் வழிக்கு அவர் போனார். அங்கும் டெஃப்லான் கிண்ணமே அவரை ஏமாற்றியது. ஏறத்தாழ 300 பேருக்கு வைத்த பிறகு அது வேகமாகத் தேய்வது தெரிந்தது. தேய்ந்த துகள்கள் உடலில் என்ன செய்கின்றன என்று அறிய, அவற்றைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டவர் அவர். 1962-இல் பாலிஎதிலீன் கிண்ணத்துக்கு மாறியதும்தான் முழு மூட்டு மாற்றுச் சிகிச்சை நிலைபெற்றது.

அதாவது உறையிடும் எண்ணம்தான் முதலில் வந்தது. அது தோற்ற இடத்திலிருந்துதான் மூட்டை மாற்றும் முறை வளர்ந்தது.

1970-களில் உறையிடும் முறை மீண்டும் வந்தது. பெரிய உலோகப் பந்து, அதன் மேல் மெல்லிய பாலிஎதிலீன் கிண்ணம். சில ஆண்டுகளில் அதுவும் கைவிடப்பட்டது. ஏன்? இதற்கு உங்கள் கணிதப் பாடமே விடை சொல்லும்.

ஒரு பந்து குறிப்பிட்ட கோணம் சுழலும்போது அதன் மேற்பரப்பு உரசிச் செல்லும் தூரம் ஆரத்தைப் பொறுத்தது. சார்ன்லியின் பந்துக்கு விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், ஆரம் 11. ஓர் அடி வைக்கையில் 40 பாகை, அதாவது சுமார் 0.7 ரேடியன் சுழல்கிறது என்று வையுங்கள். உரசும் தூரம் 7.7 மில்லிமீட்டர். விட்டம் 50 மில்லிமீட்டரானால் அது 17.5 மில்லிமீட்டர். ஒவ்வோர் அடியிலும் இரண்டு மடங்குக்கு மேல்! பந்து பெரிதாக இருப்பதால் பிளாஸ்டிக்குக்கு இடமும் குறைவு. மெல்லியதாகத்தான் வைக்க முடியும். அது தேய்ந்து துகளானது. அந்தத் துகள்களை விழுங்கி ஒழிக்க முயன்ற வெள்ளணுக்கள் தூண்டிவிட்ட அழற்சியில் சுற்றியிருந்த எலும்பே கரைந்தது. எலும்பைக் காக்க என்று செய்த சிகிச்சை எலும்பைத் தின்றது.

பர்மிங்காமும் சென்னையும்

1960-களில் உலோகப் பந்தையும் உலோகக் கிண்ணத்தையும் சேர்த்துச் செய்த முழு மூட்டுகள் சில, இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைத்திருந்தன. இதைக் கவனித்தவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த டெரெக் மெக்மின். பிளாஸ்டிக்கை விலக்கி, உலோகத்தோடு உலோகம் உரசும் உறையை 1991-இல் முயன்றார். அது திருத்தப்பட்டு 1997-இல் 'பர்மிங்காம்' என்ற பெயரிலேயே வெளிவந்தது.

இங்கே ஒரு சுவையான திருப்பம். பந்து பெரிதாவது பிளாஸ்டிக்குக்குக் கெடுதல் என்று பார்த்தோம். நன்றாகப் பளபளப்பாக்கிய உலோகத்துக்கு அதுவே நன்மை. பந்து பெரிதானால் மேற்பரப்பு வேகமாக நகரும். அந்த வேகத்தில் மூட்டுத் திரவம் இடையில் இழுக்கப்பட்டு மெல்லிய படலமாக நிற்கும். மழைச் சாலையில் வேகமாகப் போகும் காரின் சக்கரம் நீர்மேல் மிதந்து வழுக்குகிறதே, அந்தத் தத்துவம்தான். படலம் நிற்கும்வரை உலோகம் அதிகம் தேயாது. படலம் அறுந்தால் கோபால்ட், குரோமியம் அயனிகள் இரத்தத்தில் கலக்கும். மூட்டைச் சுற்றியுள்ள திசு கெடும்.

அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் பர்மிங்காம் உறையை 2006 மே மாதம்தான் அனுமதித்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அமெரிக்க நோயாளிகள் சென்னைக்குப் பறந்து வந்தார்கள். அங்கே அப்போலோ மருத்துவமனையில் டாக்டர் விஜய் போஸ் இந்தச் சிகிச்சையைச் செய்துவந்தார். சென்னை மருத்துவர் ஒருவரைத் தேடி அமெரிக்கர்கள் வந்தார்கள் என்று படித்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. மாமாவுக்கு வந்த காணொளி முழுப் பொய் அல்ல. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

எண்ணிக்கை சொன்ன உண்மை

பர்மிங்காம் உறை நன்றாக விற்றதும் மற்ற நிறுவனங்களும் களத்தில் இறங்கின. அவற்றுள் ஒன்று, ஜான்சன் & ஜான்சனின் கிளை நிறுவனமான டிபியூ 2003-இல் கொண்டுவந்த ஏஎஸ்ஆர். அதன் கிண்ணம் ஆழம் குறைந்தது. ஆழம் குறைந்தால், சற்றே சாய்வாகப் பதித்தாலும் பாரம் முழுவதும் விளிம்பில் விழும். விளிம்பில் திரவப் படலம் நிற்காது. உலோகம் உலோகத்தைச் சுரண்டும்.

இதைக் கண்டுபிடித்தது எது? தனி ஒரு மேதை அல்ல. ஒரு பதிவேடு. ஆஸ்திரேலியாவில் பொருத்தப்படும் மூட்டுகளையும், பின்னர் பழுதாகி மறு அறுவை செய்யப்படும் மூட்டுகளையும் தேசிய அளவில் எழுதி வைக்கிறார்கள். ஏஎஸ்ஆர் மற்றவற்றைவிட அதிகமாகப் பழுதாகிறது என்று அந்தப் பதிவேடு 2007-லேயே காட்டியது. 2009 இறுதியில் அங்கே அது விலக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டிலும் ஐந்தே ஆண்டுகளில் எட்டில் ஒன்றுக்கு மறு அறுவை என்ற கணக்கு வந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதிலிருந்தும் அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பொருத்தப்பட்டிருந்தன.

2007-க்கும் 2010-க்கும் இடையில் மூன்று ஆண்டுகள். எண்கள் பேசிய பின்னும் விற்பனை நடந்த ஆண்டுகள் அவை. அந்தக் காலத்தில் பொருத்திக்கொண்டவர்களிடமும் "எலும்பைக் காக்கும் முறை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பர்மிங்காம் உறையின் கணக்கு வேறு. தேய்மான நோயுள்ள, பெரிய எலும்புத் தலை கொண்ட, வயது குறைந்த ஆண்களுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. பெண்களுக்கும் சிறிய பந்து வைக்கப்பட்டவர்களுக்கும் பழுது அதிகம். பந்து சிறிதானால் திரவப் படலம் நிலைக்காது என்ற இயற்பியலை நினைவுகூருங்கள். 2015-இல் அதன் தயாரிப்பாளரான ஸ்மித் & நெஃப்யூ, 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அளவுகளை விலக்கிக்கொண்டது; பெண்களுக்குப் பொருத்த வேண்டாம் என்றும் அறிவித்தது.

டென்னிஸ் வீரர் ஆண்டி மரே 2019 ஜனவரியில் இந்தச் சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்வெர்ப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றார். வியப்புக்குரிய செய்திதான். ஆனால் அது ஒருவரின் கதை. சிகிச்சையை எடைபோட ஒருவர் போதாது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 'பழைய' முழு மாற்று முறை பழையபடியே நின்றுவிடவில்லை. பாலிஎதிலீனின் மூலக்கூறுகளைக் கதிர்வீச்சால் குறுக்கே பிணைத்து உறுதியாக்கியதால் தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய வகைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, முழு மாற்று மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிப்பதாகச் சொல்கிறது. உறையிடும் முறையிலோ, மிச்சம் வைத்த எலும்பின் கழுத்து முதல் சில மாதங்களில் முறியும் ஆபத்து நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு உண்டு. மிச்சம் வைத்தால் அந்த மிச்சத்துக்கும் ஓர் ஆபத்து வரும். உலோகத்துக்குப் பதிலாகச் செராமிக்கில் உறை செய்து, பெண்களுக்கும் பொருந்துமா என்று இப்போது சோதித்து வருகிறார்கள். அது வெல்லலாம். வென்றதா என்பதை எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

என் கருத்து

எலும்பைக் காக்க வேண்டும் என்பது நல்ல கொள்கை. ஆனால் 'காக்கும்' என்ற சொல் சிகிச்சையின் நோக்கத்தைச் சொல்கிறது, விளைவைச் சொல்வதில்லை. ஒரே எண்ணம் கண்ணாடியில் தோற்றது, டெஃப்லானில் தோற்றது, மெல்லிய பிளாஸ்டிக்கில் தோற்றது, உலோகத்தில் சிலருக்கு வென்றது, சிலருக்குத் தோற்றது. ஆகவே "இது நல்ல சிகிச்சையா?" என்ற கேள்வியே அரைகுறையானது. "யாருக்கு, எந்தப் பொருளால், நூற்றில் எத்தனை பேருக்கு?" என்று கேட்டால்தான் அறிவியல் பதில் சொல்லும்.

"டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கலாமா?" என்று நம் வீடுகளில் தயங்குவார்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நானும் மாமாவும் ஒரு தாளில் ஐந்து கேள்விகள் எழுதினோம்.

1. என் வயது, என் எலும்பின் நிலை, அளவு ஆகியவற்றுக்கு எந்த முறை பொருந்தும்?
2. பொருத்தப்போகும் மூட்டின் பெயர் என்ன? பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது?
3. செய்யப்போகும் மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்?
4. பழுதானால் அடுத்த வழி என்ன?
5. பிறகு என்னென்ன பரிசோதனைகள், எங்கே செய்துகொள்ள வேண்டும்?

ஏஜண்டிடம் கேட்டோம். முதல் கேள்விக்கே மீண்டும் விலைப்பட்டியல்தான் வந்தது. அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மாமாவுக்கு வந்திருப்பது வெறும் தேய்மானம் அல்ல. இரத்த ஓட்டம் நின்று எலும்புத் தலையின் பெரும்பகுதி மடிந்துவிட்டது. "உறையை எதன்மேல் மாட்டுவது? அடியில் உயிருள்ள எலும்பு வேண்டுமே" என்றார். மரமே உள்ளே உளுத்துவிட்டால் பட்டையைக் காத்து என்ன பயன்?

அவர் இன்னொன்றும் கேட்டார்: "வலிக்கு ஏதாவது ஜாமு, மாத்திரை சாப்பிட்டீர்களா?" மாமா பல மாதங்கள் சாப்பிட்டிருந்தார். மூட்டு வலிக்கு என்று விற்கப்படும் இத்தகைய சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுப்பதும், மிகுதியாக மது அருந்துவதும் இந்த நோய்க்குத் தெரிந்த காரணங்கள். மாமாவுக்கு வந்தது அதனால்தானா என்று யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு புட்டி இருந்தால், அதன் பதிவு எண்ணை இன்றைக்கே பாருங்கள். எலும்பைக் காக்கும் முதல் சிகிச்சை அதுதான்.

மாமா சென்னைக்குப் போகவில்லை. இங்கேயே முழு மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டார். ஆறு மாதம் ஆகிறது. மாலையில் பேராக் ஆற்றங்கரையில் நடக்கிறார். அதனால் அவர் தேர்ந்ததே சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் ஒருவர்தான், ஆறு மாதம் கணக்கில் சேராது. அவரைப் போன்றவர் நாற்பது வயதில், நல்ல எலும்புத் தலையோடு, தேய்மானத்தால் மட்டும் வருந்தியிருந்தால், தகுந்த மருத்துவரிடம் உறையிடும் முறையைப் பற்றிக் கேளுங்கள் என்று நானே அனுப்பியிருப்பேன்.

ஒரு வேலை மட்டும் அவருக்குக் கொடுத்தேன். மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டின் நகலை மருத்துவமனையில் கேட்டு வாங்கினோம். அந்த மூட்டைப் பற்றி நாளை ஏதேனும் எச்சரிக்கை வந்தால், தமக்கு வைத்தது அதுதானா என்று மாமா ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வார். அது இப்போது அவருடைய அடையாள அட்டையோடு இருக்கிறது. உங்கள் வீட்டில் மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் இருந்தால், அவரிடம் அப்படி ஒரு சீட்டு இருக்கிறதா என்று இந்த வாரம் கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்கு நீங்களும் போய்க் கேட்டு வாங்குங்கள்.